ஐந்தாவது மேஜையில் பேச்சியம்மாள்

எங்கள் பயிற்சி நிலையத்தில் இப்போது பாடம் நடத்துகிற பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். பயணிகளுக்காக நான் எழுதிய 'அறுபது ஜப்பானிய வாக்கியங்கள்' என்ற சிறு புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் நாலு பக்கம் என் பணி அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். "மறக்க முடியாத சம்பவமா ஒண்ணு எழுதுங்க சார்" என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து அதனிடம் தமிழில் ஏதோ கேட்டாள். அது ஜப்பானிய மொழியில் மணிமணியாகத் திருப்பிச் சொன்னது. உச்சரிப்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு போனைப் பார்த்து வயிறெரிகிற கிழவன் திருநெல்வேலி ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சரி, அதையே எழுதுகிறேன். என் பணி அனுபவம் என்று உண்மையாக ஒன்று உண்டென்றால் அது பொறாமைதான். பிள்ளைகள் இதை அச்சடித்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

நான் சேரன்மகாதேவிக்காரன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே வந்த ஒரு ஜப்பானியக் கப்பல் அதிகாரி தன் பெயரை எழுதிக் காட்டியதைப் பார்த்து இந்த எழுத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. தபாலில் படித்தேன். சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் மாலை வகுப்பில் படித்தேன். பரீட்சைகள் எழுதினேன். ஒன்றில் தவறி அடுத்த தடவை தேறினேன். அப்புறம் பாளையங்கோட்டையில் எஸ்தர் டீச்சர் தொடங்கிய நிலையத்தில் சேர்ந்தேன். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் நாங்கள். ஓய்வு பெறும்வரை அந்த மாடிப்படியைத்தான் ஏறி இறங்கினேன்.

அதில் முக்கால்வாசி வருஷம் பயணிகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்தேனே தவிர, நான் ஜப்பானைப் பார்த்திருக்கவில்லை. மூன்று தடவை கைக்கெட்டியது. ஒரு தடவை உதவித்தொகை கிடைத்தது, அப்பா படுத்துவிட்டார். இன்னொரு தடவை என்னைவிடக் குறைவாகப் படித்தவன், வயது குறைவு என்பதால் போனான். மூன்றாவது தடவை டாக்டர் என் நுரையீரல் படத்தில் ஏதோ புள்ளியைக் கண்டுபிடித்தார். அது ஒன்றுமில்லை என்று தெரிவதற்குள் தேதி போய்விட்டது.

ஆனால் என்னிடம் படித்தவர்களெல்லாம் போனார்கள். கொத்தனார் போனார், நர்ஸ் போனாள், மகனைப் பார்க்க எழுபது வயதுப் பெரியவர் போனார். 'நன்றி'க்கும் 'காலை வணக்க'த்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்கூடப் போனான். போன மறுவாரம் பனியில் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்" என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்காது. மனைவி, "யாரு செத்தது?" என்று கேட்பாள்.

இனி பாடம் நடத்திய முறையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் சொல்வது இதுதான்: பயப்படாதீர்கள், இது நம்ம பாஷை மாதிரிதான். நாம் 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்று சொல்கிற அதே வரிசையில்தான் அவர்களும் சொல்கிறார்கள். செய்கிற காரியம் கடைசியில் வரும். பேசுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பது 'கோரே', கேட்கிறவனுக்குப் பக்கத்தில் இருப்பது 'சோரே', இரண்டு பேருக்கும் தள்ளி இருப்பது 'அரே'. பழைய தமிழில் இது, உது, அது என்று மூன்று இருந்ததே, அதேதான். வழி கேட்க வேண்டுமா, கூட்டத்தில் இடித்துவிட்டீர்களா, கடைக்காரரைக் கூப்பிட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் 'சுமிமாசென்'. புரியவில்லையா, 'வகாரிமாசென்'. இந்த இரண்டும் கையில் இருந்தால் பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

இரண்டாம் நாளிலிருந்து மேஜைகள். ஹாலில் ஏழு மேஜை போட்டிருப்போம். விமான நிலையம், ரயில், தங்கும் அறை, கடை, மருத்துவமனை, போலீஸ், விடைபெறுதல். ஒவ்வொன்றிலும் நான் அதிகாரியாக உட்காருவேன். படிப்பவர் வாசலில் இருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, இடுப்பை வளைத்து வணங்கி, பேச வேண்டும். பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். கடை மேஜையில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். அங்கே காசைக் கையில் கொடுப்பதில்லை, தட்டில்தான் வைக்க வேண்டும். நம்ம ஆட்களுக்கு அது ஆகவே ஆகாது. தட்டில் வீசினால் மரியாதைக் குறைச்சல் என்று, தட்டை ஒதுக்கிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக் காசை வைத்து அமுக்குவார்கள். ஒரு வாரம் கத்தியபிறகுதான் பழக்கம் மாறும்.

இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? எஸ்தர் டீச்சர் சொன்னார்கள். அவர்கள் ஆறு வருஷம் அங்கே இருந்தவர்கள். மீதியைப் படங்களில் பார்த்தேன், கடிதங்களில் படித்தேன். ஆனால் வகுப்பில் பேசும்போது நேற்றுத்தான் திரும்பி வந்தவன் மாதிரிப் பேசுவேன்.

ஒரு தடவை பால்துரை என்று ஒரு தச்சன், எண்களையே இரண்டு தடவை தப்பாகச் சொல்லித் தேறியவன், லீவில் ஊருக்கு வந்தவன் வகுப்பைப் பார்க்க வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தான். நான் ரயில் மேஜையில் சீட்டு வாங்குகிற வாக்கியத்தைச் சொல்லிக் கொண்டிருந்தேன். அவன் எழுந்து, ரொம்ப மரியாதையாக, "சார், தப்பா நினைக்காதீய. அங்கன யாரும் அப்பிடிக் கேக்குததில்ல. மிஷின்ல காசு போட்டா சீட்டு வந்துரும்" என்றான். வகுப்பு முழுக்க அவன் பக்கம் திரும்பிவிட்டது. அப்புறம் ஒரு மணி நேரம் அவன்தான் பேசினான், நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டால் என்ன என்று தோன்றியது. சிரித்துக்கொண்டே அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

எஸ்தர் டீச்சரைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடம் நடத்திய குடும்பம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிக் கொடுக்கிற அறிக்கை எதையும் அவர்கள் தாமாகப் படிக்க மாட்டார்கள். எழுதினவனை எதிரே உட்கார வைத்து, தாளை அவன் கையிலேயே கொடுத்து, "வாசிங்க" என்பார்கள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எழுதினவனே, "டீச்சர், அந்த மூணாவது வரி கொஞ்சம் சரியில்ல" என்று சொல்லிவிடுவான். பொய்யாக எழுதியதை வாயால் வாசிக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். முக்கூடலைச் சேர்ந்த வேலாயுதம் என்ற பையன் எங்களிடம் படித்துவிட்டு ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷமாக வேலை பார்த்தான். அங்கே இயந்திரத்தில் சிக்கி இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தான். ஒரு ஆபரேஷன் முடிந்தது. இன்னொன்று பாக்கி. ஆள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறான் என்று கம்பெனிக்காரர்கள் எஸ்தர் டீச்சருக்கு எழுதினார்கள். ஊரிலிருந்து ஒருவரை ஒரு மாதம் கூட இருக்க வரவழைக்கிறோம், ஒருவருக்குத்தான் வசதி உண்டு என்றார்கள். தாயார் தனியாக வந்து சமாளிக்கிற அளவுக்குப் பேச முடியும் என்று நிலையம் சான்று கொடுத்தால் தாயார் வரலாம். இல்லாவிட்டால் மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவர் வரட்டும்.

எஸ்தர் டீச்சர் நிலையத்தை விட்டு நகர முடியாது, அதனால் மொழி தெரிந்த ஆசிரியர் என்றால் நான்தான். தாயாரைச் சோதித்துச் சான்று எழுத வேண்டியவனும் நான்தான். தாமதமாகக் கூடாது என்று இரண்டு பேருக்கும் விசாவுக்கு எழுதிப் போட்டார்கள்.

தாயார் பேர் பேச்சியம்மாள். அறுபதை நெருங்கின விதவை. பீடி சுற்றுகிறவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அவ்வளவுதான். என்றைக்காவது அம்மாவைக் கூட்டிப் போக வேண்டுமென்று மகன் முன்பே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். முதல் நாள் வந்தபோது என்னிடம் கேட்டாள்: "பன்னெண்டு நாளுல இது எம் வாய்க்குள்ள நுழையுமா சார்?"

"முயற்சி பண்ணுவோம்மா" என்றேன். நுழையாது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

நுழைந்துவிட்டது. அவள் படித்த விதத்தை நான் எந்தப் பயிற்சியிலும் பார்த்ததில்லை. தினமும் ஐந்து வாக்கியத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். வீட்டில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பீடிக்கு ஒரு தடவை என்று அந்த வாக்கியத்தைச் சொல்லுவாளாம். நூறு பீடி முடிகிறபோது வாக்கியம் நூறு தடவை வந்துவிடும். மறுநாள் காலையில் படியேறும்போதே சொல்லிக்கொண்டு வருவாள். மற்றவர்கள் ஒரு மாதத்தில் பிடிக்கிற அறுபதையும் பன்னிரண்டாம் நாள் மடியில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பொருளும் தெரிந்து பேசினாள். நான் வேண்டுமென்றே வேகமாகக் கேட்டால், "மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாசு" என்பாள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அர்த்தம். நான் இந்த வாக்கியத்தைத் தைரியமாகச் சொல்ல ஒரு வருஷம் ஆனது.

சோதனை நாள். முதல் நாலு மேஜையிலும் ஒரு பிசகு இல்லை. காசைத் தட்டில் வைத்தாள். இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டை நீட்டினாள். ஐந்தாவது மேஜை, மருத்துவமனை. வந்து வணங்கி, நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சரியாகச் சொன்னாள்.

"கஞ்சா-சான் நோ ஒனாமாயே வா?" என்று கேட்டேன். நோயாளியின் பெயர் என்ன என்று கேள்வி. நோயாளிக்கு அவர்கள் பாஷையில் கஞ்சா என்று பேர். வகுப்பில் இந்த இடம் வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள், பேச்சியம்மாளும் முன்பு சிரித்திருக்கிறாள். பயிற்சியில் நோயாளிக்கு முருகன் என்று புத்தகத்தில் போட்டிருந்த பெயரைத்தான் சொல்ல வைப்போம். சோதனையில் உண்மையான பெயரைச் சொல்ல வேண்டும் என்பது விதி.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் திரும்பக் கேட்டேன்.

"வதாஷி நோ முசுகோ தெசு" என்றாள். என் மகன்.

மூன்றாவது தடவை கேட்டேன். "வதாஷி நோ முசுகோ தெசு." குரல் இறங்கிவிட்டது. அப்புறம் தமிழில், "அத நான் எப்பிடி சார் வாயால…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. வேலாயுதம் என்பது அவன் தாத்தா பெயர். அதாவது அவளுடைய மாமனார் பெயர். மாமனார் பெயரைச் சொல்லாத மருமகள் அவள். அதனால் பெற்ற பிள்ளையையும் முப்பது வருஷமாக 'தம்பி' என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறாள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. என் அண்ணனுக்கு எங்கள் தாத்தா பெயர். என் அம்மா சாகிறவரை அவனைப் 'பெரியவன்' என்றுதான் கூப்பிட்டாள். ரேஷன் கடையில் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிற என்னை இடிப்பாள், நான் சொல்லுவேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் நான்.

ஆறாவது, ஏழாவது மேஜைகளையும் முடித்தாள். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கை எழுதினேன். மேஜையில் என் விசாவுக்கான படம் கிடந்தது. கொத்தனாரும் நர்ஸும் பால்துரையும் போன ஊர். இப்போது பீடி சுற்றுகிறவள் போகப் போகிறாள். பன்னிரண்டு நாளில். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. 'மருத்துவமனைப் பிரிவில், நோயாளியின் பெயர் கேட்கப்பட்டபோது மூன்று முறையும் பதில் இல்லை. தனியாகப் பயணம் செய்யத் தகுதி போதாது' என்று எழுதினேன்.

எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். "வாசிங்க."

வாசித்தேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

வழக்கம்போல ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். நானும் பேசவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, "பெத்த பிள்ளை பேரு அந்தம்மாவுக்கு எப்படி வராமப் போச்சு?" என்று கேட்டார்கள்.

"பதட்டம் டீச்சர். அங்க போயி மேஜை முன்னால நின்னா இன்னும் பதறிரும்."

"அப்படியா" என்றார்கள். "நீங்க இத்தனை வருஷத்துல எனக்குத் தப்பா எழுதித் தந்ததில்ல." கையெழுத்துப் போட்டார்கள்.

பேச்சியம்மாளிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை. "நானே கெடுத்துக்கிட்டேன்" என்றாள். அடுத்த நாள் ஒரு டப்பாவில் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்தாள். "தம்பிக்கு இது இருந்தா ரெண்டு வாய் கூடத் திம்பான். நீங்க போறது எம் மனசுக்கு ஆறுதலா இருக்கு சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

போனேன். நாற்பது வருஷ ஆசை. விமான நிலையத்தில் அதிகாரி முன்னால் வளைந்து வணங்கி முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. விரலை வைக்கச் சொல்லிச் சைகை காட்டி முத்திரை குத்திவிட்டார். ரயிலில் மெஷின். கடையிலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவமனையில், ஐந்தாவது மேஜை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பெண் சிரித்தபடி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். நோயாளியின் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் பின்னால் மூன்று பேர் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.

வேலாயுதம் கட்டிலில் கிடந்தான். என்னைப் பார்த்ததும் கதவைத்தான் பார்த்தான். எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று.

"அம்மைய ஏன் சார் கொண்டாரல?"

"அவங்களால தனியா வர முடியாதுப்பா. சோதனையில தேறல."

அவன் திரும்பவும் கதவைப் பார்த்தான்.

எனக்கு அங்கே வேலையே இல்லை. நர்ஸ்கள் வந்தால் அவனே பேசினான். என் புத்தகத்தில் இல்லாத ஜப்பானிய மொழி. அந்த ஊர்க் கொச்சை, அந்த ஊர்க் கிண்டல். நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பேசினால் நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடம் பேசுவதுபோல் பதில் சொன்னார்கள். இடுப்பு முறிந்து கிடக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? பட்டேன். என்னிடம் 'சுமிமாசென்' கற்றுக்கொண்டவன் அவன்.

அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டு வந்தால் இரண்டு வாயோடு திருப்பி அனுப்பிவிடுவான். பருப்புப்பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடித் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். இரண்டாவது ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன காலையில் நான் கூடவே நடந்தேன். அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் அவன் அம்மாவோடு போனில் பேசினான். நான் ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக் கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டுக் கூப்பிட்டான்.

"சார், அம்மைய எதுல ஃபெயில் போட்டீய?"

நான் ஜன்னலை விட்டுக் கட்டில் பக்கம் வந்தேன்.

"எம் பேரச் சொல்லலன்னா போட்டீய? இப்பந்தான் சொல்லுதா. 'ஒங்க தாத்தா பேரச் சொல்லச் சொன்னாரு, எனக்கு வாய் வரலடா, நாங் கெடுத்துட்டேன்'னு அழுதா." அவன் எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை. "பள்ளிக்கூடத்துல சேக்கையிலகூட எங்கம்ம எம் பேரச் சொன்னதில்ல சார். பக்கத்து வீட்டு மாமாதான் வந்து சொன்னாரு. நீங்க சேரம்மாதேவிதான? ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இடுப்பு வலிக்குமே என்று சொல்லப்போனேன், சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனி அதிகாரி வந்தார். வேலாயுதம் படுத்தபடியே அவரிடம் பத்து நிமிஷம் பேசினான். என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆசிரியருக்கு ஊரில் வகுப்புகள் இருக்கின்றன, அவரை அனுப்பிவிட்டு மீதி நாளுக்கு என் தாயாரை வரவழையுங்கள், அவரால் வர முடியும், அதற்கு நான் பொறுப்பு என்றான். அவ்வளவு அழகான, பணிவான ஜப்பானிய மொழியை நான் நேரில் கேட்டது அன்றுதான். அதிகாரி எழுந்து நின்று தலை வணங்கிச் சரி என்றார். பதினோராம் நாள் நான் ஊர் திரும்பினேன். பனி பார்க்கவில்லை, பருவம் இல்லை.

எஸ்தர் டீச்சர் எனக்காகக் காத்திருந்தார்கள். மேஜையில் என் பழைய அறிக்கையும் ஒரு வெள்ளைத்தாளும் இருந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "திரும்ப எழுதுங்க" என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "வாசிங்க" என்றார்கள்.

"நோயாளியின் பெயர் கேட்கப்பட்டபோது, 'என் மகன்' என்று மூன்று முறையும் சரியான ஜப்பானிய மொழியில் பதில் சொன்னார். மாமனார் பெயர் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. இது சோதித்தவருக்குத் தெரியும்." கடைசி வரியில் குரல் போய்விட்டது. அவர்கள் கண்ணைத் திறக்கவே இல்லை. "அந்தம்மாவச் சென்னை வரைக்கும் நீங்களே கொண்டு போயி ஏத்தி விடுங்க" என்றார்கள்.

சென்னை விமான நிலையத்தின் வாசலில் பேச்சியம்மாள் புதுச்சேலையில் நின்றாள். வழியெல்லாம் அறுபது வாக்கியத்தையும் முணுமுணுத்துக்கொண்டே வந்திருந்தாள். ஐந்தாவது மேஜையை நினைத்துத்தான் பயம். "அங்கன மறுபடி பேரக் கேப்பாங்களே சார். வேற எதுனா வழி உண்டா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வேலாயுதம் என்று தமிழிலும் ஜப்பானிய எழுத்திலும் எழுதியிருந்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். உதடு அசையவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதக் காட்டுனாப் போதுமா?"

"போதும்மா."

"வேற ஒண்ணும் சொல்லாண்டாமா?"

"வேண்டாம்."

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத எழுத எம்புட்டு நேரம் சார் ஆச்சு?"

"ஒரு நிமிஷம்."

"அப்பம் அன்னைக்கே எழுதித் தந்திருக்கலாம்லா? எம் பிள்ளைய அறுக்கையில நான் பக்கத்துல இருந்திருப்பேன்லா?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

"தந்திருக்கலாம்மா. ஒங்களுக்கு ஏன் வாய் வரலன்னு எனக்குத் தெரியும். நான் போகணும்னு ஆசைப்பட்டேன். அதான் தரல."

அவள் என்னையே பார்த்தாள். புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு சீட்டைச் சுருக்குப்பையில் வைத்து இறுக்கிக்கொண்டு பெட்டியைத் தானே தூக்கினாள். நான் கை நீட்டியும் கொடுக்கவில்லை. போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. வாசலில் நின்ற காவலர் முன்னால் போய், இடுப்பை வளைத்து வணங்கி, இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.